மேலேறி வரும் ஸ்ட்ரான்சியம்

திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம், எரிபொருளைக் கொளுத்தாமலே அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் பீங்கான் கருவி. நடுவில் காற்றுப் புகாத மெல்லிய பீங்கான் தகடு. ஒரு பக்கம் காற்று. மறு பக்கம் ஹைட்ரஜன் அல்லது இயற்கை எரிவாயு. காற்றுப் பக்கத்து ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அயனியாகி, தகட்டின் ஊடாகவே மறுபக்கம் சென்று எரிபொருளோடு சேர்கிறது. அங்கே விடுபடும் எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகக் காற்றுப் பக்கம் திரும்பி வருகின்றன. அந்த ஓட்டம்தான் மின்சாரம்.

திடப்பொருளுக்குள் ஓர் அயனி நகர்வது வியப்பாகத் தோன்றலாம். சிர்கோனியாவுடன் சிறிது இட்ரியம் ஆக்சைடைக் கலந்தால், படிகத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகிவிடும். சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகள் ஒரு காலியிடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி நகரும். இந்தக் கலவை புதியதல்ல. வால்தர் நெர்ன்ஸ்ட் 1890களின் இறுதியிலேயே இதைக் கொண்டு விளக்கு செய்திருந்தார். 1937இல் சுவிட்சர்லாந்தில் எமில் பாவுரும் ஹான்ஸ் பிரைஸும் 1,000 டிகிரி செல்சியஸில் இதையே மின்கலமாக இயக்கிக் காட்டினர். இன்று பெரும்பாலானவை 600 முதல் 850 டிகிரிக்குள் இயங்குகின்றன. இவற்றை வணிக அளவில் விற்கும் ப்ளூம் எனர்ஜி நிறுவனத்தை அமெரிக்காவில் தொடங்கியவர்களுள் ஒருவரான கே. ஆர். ஸ்ரீதர், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

வெப்பத்தைக் குறைத்தால் செலவு குறையும், கலமும் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் குறைக்கக் குறைக்க முதலில் தடுமாறுவது, தகட்டின் காற்றுப் பக்கத்தில் பூசிய மின்முனையின் மேற்பரப்பு. அங்கே ஆக்சிஜன் மூலக்கூறு வந்து ஒட்ட வேண்டும். அதன் பிணைப்பு முறிய வேண்டும். மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு எலெக்ட்ரான்கள் சேர வேண்டும். பின் ஒவ்வொரு அணுவும் அருகில் உள்ள காலியிடத்தில் இறங்க வேண்டும். இத்தனையும் நடப்பது அணுக்களின் முதல் ஓரிரு அடுக்குகளில்தான். தலைமுடியின் தடிமனில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இராத அந்த அடுக்கை நம்பித்தான் மொத்தக் கலமும் இருக்கிறது.

பழைய கலங்களில் லாந்தனம், ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு கலந்த ஆக்சைடே காற்றுப் பக்க மின்முனை. அது எலெக்ட்ரான்களை நன்றாகக் கடத்தும், அயனிகளை அவ்வளவாகக் கடத்தாது. அதனால் காற்று, மின்முனை, பீங்கான் தகடு மூன்றும் சந்திக்கும் விளிம்புகளில் மட்டுமே வினை நடந்தது. மாங்கனீசுக்குப் பதில் கோபால்ட்டும் இரும்பும் சேர்த்தபோது நிலைமை மாறியது. புதிய கலவை இரண்டையும் கடத்தியதால், மின்முனையின் மேற்பரப்பு முழுவதும் வேலைக்கு வந்தது. வேலை பரப்புக்கு மாறியதும் அதன் நோய்களும் வெளியே தெரிந்தன.

இந்த ஆக்சைடுகள் எல்லாம் பெரோவ்ஸ்கைட் என்ற படிகக் குடும்பத்தைச் சேர்ந்தவை. லாந்தனத்துக்கு மூன்று நேர்மின்சுமை, ஸ்ட்ரான்சியத்துக்கு இரண்டே. லாந்தனம் இருக்கும் இடங்களில் நூற்றுக்கு நாற்பதில் ஸ்ட்ரான்சியத்தை வைத்தால் மின்சுமையில் துண்டு விழும். அதை ஈடுகட்ட, கோபால்ட்டும் இரும்பும் தம் மின்சுமையைக் கூட்டிக்கொள்ளும். சில ஆக்சிஜன்கள் இடத்தைக் காலி செய்யும். அந்தக் காலியிடங்களே அயனிகளுக்கு வழி. அதாவது, வழி திறந்துவிடுவதே ஸ்ட்ரான்சியம்தான்.

அதே ஸ்ட்ரான்சியம் சூட்டில் மெல்ல மேலேறி வந்து வழியை அடைக்கிறது. 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பில்கே யில்டிஸ் குழு இதற்கு இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டியது. ஒன்று உருவம். லாந்தன அயனியின் ஆரம் 1.36 ஆங்ஸ்ட்ராம், ஸ்ட்ரான்சியத்துக்கு 1.44. தனக்குச் சின்னதான இடத்தில் நெருக்கிக்கொண்டு இருப்பதைவிட, பரப்பில் இருப்பது அதற்கு இலகு. இன்னும் பெரிய பேரியத்தை (1.61) வைத்தால் மேலேறுவது கூடுகிறது, லாந்தனத்தை ஒத்த கால்சியத்தை வைத்தால் குறைகிறது. மற்றொன்று மின்சுமை. பரப்பில் சேரும் ஆக்சிஜன் காலியிடங்கள் நேர்மின்சுமை உடையவைபோல் நடந்துகொள்ளும். லாந்தனத்தின் இடத்தில் உட்கார்ந்த ஸ்ட்ரான்சியமோ, அந்த இடத்தைப் பொறுத்தவரை எதிர்மின்சுமை. ஆகவே ஈர்ப்பு.

மேலே வந்தது ஸ்ட்ரான்சியம் ஆக்சைடாகப் படிகிறது. அது எலெக்ட்ரான்களைக் கடத்தாது. ஆக்சிஜனைப் பிளக்கும் கோபால்ட்டையும் இரும்பையும் மூடிவிடும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017இல் இதை நேரடியாகவே சோதித்தனர். மின்முனை இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் லேசர் உதவியால் ஸ்ட்ரான்சியம் ஆக்சைடைத் தூவியபோது, ஓர் அணு அடுக்குகூட நிரம்புமுன் வினை மந்தமானது. கோபால்ட் ஆக்சைடைத் தூவியதும் மீண்டும் வேகம் பிடித்தது.

படிந்த ஸ்ட்ரான்சியம் சும்மாவும் இருப்பதில்லை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட்டாகும். சல்பர் டை ஆக்சைடு வந்தால் சல்பேட்டாகும். இவற்றிலும் மோசமானது குரோமியம். கலங்களை அடுக்கி இணைக்கும் தகடுகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. எஃகைத் துருவிலிருந்து காப்பதே குரோமியம் ஆக்சைடுத் தோல்தான். சூடான ஈரக்காற்றில் அந்தத் தோலிலிருந்து குரோமியம் ஆவியாகி, மின்முனையில் உள்ள ஸ்ட்ரான்சியத்தோடு சேர்ந்து குரோமேட்டாக இறுகிவிடுகிறது. காவலுக்கு வைத்த தோலே கேடாகிறது. இதற்காக எஃகுத் தகடுகளின்மேல் மாங்கனீசும் கோபால்ட்டும் கலந்த ஆக்சைடைப் பூசுகிறார்கள்.

எரிபொருள் பக்க மின்முனை நிக்கலும் சிர்கோனியாவும் கலந்தது. அதற்குப் பகை கந்தகம். பத்து இலட்சத்தில் சில பங்கு ஹைட்ரஜன் சல்பைடே நிக்கலின் பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையை மட்டுப்படுத்தும். கசிவு தெரிவதற்காகச் சமையல் எரிவாயுவில் நாற்றத்துக்குச் சேர்ப்பதும் கந்தகச் சேர்மம்தான். ஆகவே வாயுவைக் கலத்துக்குள் விடுமுன் கந்தகத்தை வடிகட்டியாக வேண்டும்.

காற்றுப் பக்கத்துக்குக் கிடைத்த தீர்வுகளில் சுவையானது 2016இல் யில்டிஸ் குழு வெளியிட்டது. பரப்பில் காலியிடங்கள் மிகுந்திருந்தால் வினை வேகமாகும் என்பதே வழக்கமான எண்ணம். அவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். ஆக்சிஜனை எளிதில் விட்டுக்கொடுக்காத ஹாஃப்னியம் போன்ற உலோகங்களின் குளோரைடுக் கரைசலில் மின்முனைப் படலத்தை நனைத்தெடுத்து, பரப்பின் காலியிடங்களை வேண்டுமென்றே குறைத்தார்கள். ஈர்க்க ஆளில்லாததால் ஸ்ட்ரான்சியம் உள்ளேயே தங்கியது. சூட்டில் பல மணி நேரம் வைத்த பின், நனைக்காத படலத்தைவிட ஆக்சிஜன் பரிமாற்ற வேகம் 30 மடங்குவரை கூடுதலாக இருந்தது. அளவு மீறினால் பலன் தலைகீழாகும்: காலியிடங்கள் அறவே குறைந்து, ஆக்சிஜன் இறங்க இடமில்லாமல் போகும். சோதனைக்கு எடுத்தது வழவழப்பான மெல்லிய படலம். விற்பனைக்கு வரும் மின்முனையோ கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தது. அங்கே ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் அதே அளவு ஹாஃப்னியம் படிந்தாக வேண்டும்.