வீட்டில் காற்றும் நீரும்

சீன மொழியிலே 'பெங்' என்றால் காற்று, 'ஷுயி' என்றால் நீர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்விரண்டையும் சேர்த்து 'பெங்ஷுயி' என வழங்கும் கலைக்குத் தமிழில் ஒரு பெயர் சூட்டுவது எளிதாகத் தோன்றவில்லை. மனைக்கலை எனலாம், ஆனால் அச்சொல்லில் காற்றும் இல்லை, நீரும் இல்லை. இன்று நம் வீடுகளில் இக்கலையைக் கைக்கொள்வோரிற் பலரும் அவ்விரண்டையும் மறந்துவிட்டே மணியும் கண்ணாடியும் வாங்குகின்றனர்.

பழஞ்சீனத்தில் இறந்தோரை அடக்கம் செய்யும் இடத்தைத் தேர்வதற்கும் இக்கலை பெரிதும் பயன்பட்டது. 'சீ' என்னும் உயிர்ப்பாற்றல் காற்றில் சிதறிவிடும், நீர் கண்டவிடத்துத் தங்கும் என்பது குவோ பூ என்பவரின் பெயரால் வழங்கும் நூலின் கருத்து. மனைக்குப் பின்னே வடக்கில் மலை, முன்னே தெற்கில் திறந்த வெளியும் நீரும் இருப்பின் அதுவே சிறந்த இடம் என்றனர். இதிலே மறைபொருள் ஏதுமில்லை. மஞ்சள் ஆற்றுச் சமவெளி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 35 பாகையில் உள்ளது. அங்கே குளிர்காலத்தில் வடக்கிலிருந்து உறைபனிக் காற்று வீசும். நண்பகற் கதிரவனோ ஆண்டு முழுவதும் தென்புறத்திலேயே நிற்பான். வடக்கை அடைத்துத் தெற்கைத் திறந்தவன் குளிருக்குத் தப்பினான்.

நம் நாட்டு வாஸ்து நூல்களின் வழி வேறு. தெற்கு யமனுடைய திசை. வடகிழக்கு தாழ்ந்தும் திறந்தும் இருக்கவேண்டும். தென்மேற்கு கனத்து உயர்ந்திருக்கவேண்டும். கோல் நட்டு, அதன் நிழலைக்கொண்டு திசையறிந்து, கயிறு பிடித்து மனை வகுக்கும் முறையை நெடுநல்வாடையிலேயே காண்கிறோம். ஆகவே ஒரே வீட்டில் இரு சாத்திரங்களையும் ஒருங்கே கடைப்பிடிக்க முயல்வோர், தென்வாசலைத் திறப்பதா அடைப்பதா என்று திகைத்து நிற்க நேரும். வாசலும் கொல்லைக் கதவும் நேருக்கு நேர் இருந்தால் செல்வம் ஓடிவிடும் என்கின்றனர் பெங்ஷுயி வல்லோர். வாசலில் நின்றால் ரேழியும் முற்றமும் கடந்து கொல்லை தெரியும்படி வீடு கட்டியவர்கள் நம் முன்னோர். புழுக்கம் மிகுந்த ஊர்களில் ஓடவேண்டியது காற்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அடுக்குமாடி வீடொன்றில் நம் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். மேற்குச் சன்னல் வழியே பொருள் கரைகிறது என்று ஆலோசகர் ஒருவர் சொல்ல, அதனை அடைத்து, அதன்முன் அலமாரியையும் நிறுத்தினார். கிழக்கில் சிறு செயற்கை நீரூற்று ஒன்றும் வைத்தார். பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்துமே வரும். வரும் வழியை அடைத்ததனால் மழைக்காலம் முடிவதற்குள் அலமாரியின் பின்சுவர் பூஞ்சணம் பூத்தது. குழந்தைக்கு இருமல் நீங்கவில்லை. அவ்வூர் 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் கதிரவன் வடபுறத்திலேயே நிற்பான். சீனத்தின் தென்திசைக் கணக்கு அங்கே எவ்வாறு பொருந்தும்?

அப்பகுதியின் வரலாறே இதற்கு விடை கூறுகிறது. 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. எலியுண்ணிகளால் அந்நோய் பரவுகிறது என்பதைப் பால் லூயி சிமோன் கண்டறிந்ததும் அவ்வாண்டிலேதான். அதன்பின், கண்டோன்மென்டின் நெரிசலைக் குறைக்க எழுந்த குடியிருப்புகளில் பிரேசர் டவுன் ஒன்று. அதன் அண்டையிலுள்ளது ரிச்சர்ட்ஸ் டவுன். எலி வளை தோண்டாத தளம், வெளிச்சம், காற்றோட்டம் ஆகியவற்றையே முதன்மையாகக் கருதிய அந்நாளைய நகரமைப்பைப் பற்றி ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914இல் ஒரு நூலே வெளியிட்டார். மனையின் சமநிலை அன்று உயிர்காக்கும் காரியமாக இருந்தது. அக்காலத்துத் தோட்ட வீடுகள் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தபோது, நாற்புறத்துக் காற்றும் ஒருபுறத்துச் சன்னலாகச் சுருங்கிற்று. சாத்திரம் பார்ப்போர் முதலில் வருந்தவேண்டியது இதற்கே எனத் தோன்றுகிறது.

சீரமைக்க விரும்புவோர் ஓராண்டு பொறுத்து, எம்மாதத்தில் எத்திசையிலிருந்து காற்று வருகிறது, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று குறித்துவைத்தல் நலம். காற்று புக ஒரு வழியும், வெளியேற எதிரிலோ பக்கத்திலோ மற்றொரு வழியும் வேண்டும். நீரைப் பொறுத்தவரை, 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு, குடங்களுடன் மக்கள் லாரிக்குக் காத்துநின்றதை நாம் கண்டோம். கூடத்தில் நீரூற்று வைப்பதைவிட, கூரையில் விழும் மழையைத் தொட்டியிலும் நிலத்திலும் சேர்ப்பதே அவ்வூரில் நீரை மதிப்பதாகும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

நண்பர் அலமாரியை நகர்த்திச் சன்னலைத் திறந்துவிட்டார். நீரூற்றையும் நிறுத்திவிட்டார். சிரிக்கும் புத்தரை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. அவ்வுருவம் கௌதம புத்தருடையதன்று, புடாய் என்னும் சீனத் துறவியுடையது என்று நாம் சொன்னதையும் அவர் பொருட்படுத்தவில்லை. சன்னல் விளிம்பிலே அமர்ந்திருக்கும் அப்பொம்மை மேல்காற்றில் உருண்டுவிடாதிருக்க, ஒரு கூழாங்கல்லை அடைகொடுத்து வைத்திருக்கிறார்.