பல்லுக்கு லீவு... வைஸுக்கு வேலை!

காசிமேட்டில் எங்க மாமா தூண்டில் முள்ளில் கோழி இறகு கட்டுற ஸ்டைலே தனி. முள் விரலிடுக்கில், நூல் பல்லிடுக்கில்! போன மாசம் முள் கட்டைவிரலில் இறங்கிடுச்சு. ரெண்டு வாரம் கடலுக்குப் போகலை, காசும் இல்லை. 'மெக்கானிக்கல் படிக்கிறியே, ஏதாச்சும் செய்யேன்'னு அத்தை கேட்டாங்க.

காலேஜ் ஒர்க்‌ஷாப் பெஞ்ச் வைஸ் இதுக்கு ஆகாது. தாடை அகலம், நூல் சுத்த இடமிருக்காது. இறகுத் தூண்டில் கட்டவே குட்டி வைஸ் உண்டு. நீலகிரி அவலாஞ்சியில் 1907-லயே டிரவுட் மீன் பொரிப்பகம் வந்தாச்சு. அந்த மீனுக்கு இறகுப்பூச்சி கட்டுறவங்களோட ஆயுதம் இது.

கம்மி பட்ஜெட்டா? இதைப் பாருங்க பாஸ்!

தாடை: முள் கெட்டி எஃகு. தாடை மெத்துன்னு இருந்தா பள்ளம் விழும், பிடி நழுவும். உங்ககிட்ட இருக்குற பெரிய முள்ளையே கடைக்கு எடுத்துட்டுப் போங்க. வளைவில் பிடிச்சு, அழுத்திப் பாருங்க. அசைஞ்சா வேண்டாம். டிரவுட் முள் பொடிசு. பாறை, கொடுவா முள் பெருசு.

கால்: மேசையில் மாட்டுற கிளாம்ப் போதும். மாமா வீட்டில் மேசை ஏது? பலகையில் மாட்டிட்டேன்.

சுழலும் மாடல்: வசதிதான், கட்டாயமில்லை.

உப்புக்காத்துல துரு பிடிக்கும், எண்ணெய் தடவுங்க.

முதல் இறகைக் கட்டி முடிச்ச மாமா சிரிச்சார். 'மாப்ளே, இனி வெத்தலை போட்டுக்கிட்டே கட்டலாம்டா!'