பள்ளி மணி கேட்கும் தூரம்

பெட்டி கட்டும் முன் – 11

போன வாரம் வீடு பார்த்தோம். முன்பணம், தண்ணீர், கொசுவலை வரைக்கும் பேசியாயிற்று. இந்த வாரம் பள்ளிக்கூடம்.

திருச்செந்தூர் சாலையில் சாகுபுரத்துக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது உப்புதான். ஆறுமுகநேரியைச் சுற்றிப் பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்பில் அம்பாரம் அம்பாரமாக உப்பு. அந்த உப்பை நம்பித்தான் 1950களின் கடைசியில் தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் இங்கே காஸ்டிக் சோடா ஆலை போட்டது. முதலாளிகளான சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரால் இடம் சாகுபுரம் ஆனது. சுற்றுவட்டாரத்தில் இன்றும் அது ‘டி.சி.டபிள்யூ’தான். ஆலையோடு கம்பெனிக் குடியிருப்பு வந்தது. வேறு மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கின. குடியிருப்போடு சேர்ந்து கமலாவதி பள்ளியும் நடக்கிறது. ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்குத்தான் ஓர் அமெரிக்கக் குடும்பம் வரவிருந்தது. அமெரிக்கக் குடும்பம் என்றால் பாஸ்போர்ட்டில். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிக்காரர்கள்; பிள்ளைகள் இருவரும் நியூஜெர்சியில் பிறந்தவர்கள். மகனுக்குப் பன்னிரண்டு, மகளுக்கு ஏழு. மூன்று வருஷ வேலை. அந்த அம்மா போன் செய்தார்.

“அண்ணாச்சி, பிள்ளைகள எங்கன சேக்க? ஒரு லிஸ்ட்டு போட்டு வச்சிருக்கேன், அனுப்பட்டா?”

அனுப்பினார். பதினான்கு பள்ளிகள். சென்னையில் ஐந்து, கோவையில் மூன்று, கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இரண்டிரண்டு, மிச்சம் தூத்துக்குடியில். பாடத்திட்டத்துக்கு ஒரு கட்டம், கட்டணத்துக்கு ஒரு கட்டம், நீச்சல் குளத்துக்குக்கூட ஒரு கட்டம். எல்லாம் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் கட்டம் இல்லை: ராத்திரி பிள்ளை எங்கே தூங்கும்?

இதைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தமிழ் மண்ணில் அமெரிக்கப் பெற்றோருக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்று இருநூறு வருஷம் ஆகிறது. அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

வின்சுலோ அகராதியைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். 1862-இல் வெளிவந்த, 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட பெரிய அகராதி. அதைத் தொகுத்த மைரன் வின்சுலோ அமெரிக்க மிஷனரி. மனைவி ஹாரியட்டோடு யாழ்ப்பாணம் வந்து உடுவிலில் தங்கியவர். 1824-இல் ஹாரியட் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி தொடங்கினார். இன்றும் நடக்கிற உடுவில் மகளிர் கல்லூரி அதுதான். ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பள்ளி என்று அதைச் சொல்வதுண்டு.

ஊரார் பிள்ளைகளைத் தன் வீட்டுப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கவைத்த அந்தத் தாயின் பிள்ளைகள் எங்கே படிப்பது? வெயில், காய்ச்சல், ‘இந்தச் சூழலில் வளர்ந்தால் நம் பிள்ளை நம் பிள்ளையாக இருக்காது’ என்கிற பயம் எல்லாம் சேர்ந்து அன்றைய மிஷனரிகளுக்கு ஒரே விடையைத்தான் காட்டின. பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம், பெற்றவர்கள் இங்கேயே. வின்சுலோவின் மூத்த மகன் சார்லஸ் 1821-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். படிக்கப் போனவன் 1832-இல், பதினோரு வயதில், நியூயார்க்கில் இறந்தான். அடுத்த ஜனவரியில் உடுவிலில் ஹாரியட்டும் இறந்துபோனார்.

அந்தக் குடும்பத்தின் கதை அதோடு முடியவில்லை. வின்சுலோவின் மகள் சென்னைக்கு வந்த டல்லஸ் என்ற மிஷனரியை மணந்தார். அவர்களுடைய பேரன்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். வாஷிங்டனில் நம் பிள்ளைகள் பெட்டியோடு போய் இறங்குகிற டல்லஸ் விமான நிலையம் அவர் பெயரில் உள்ளது. அது திறந்தது 1962-இல், பூட்டனாரின் அகராதி வந்து சரியாக நூறு வருஷம் கழித்து.

வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடரும் இந்தக் கேள்வியில் அகப்பட்டவர்தான். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். பள்ளி வயதில் அவரை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பின்னாளில் அவர் இந்த மண்ணுக்கே வந்து என்ன செய்தார் என்பது உலகறிந்த கதை. ஆனால் பிள்ளை சாதித்துவிட்டது என்பதற்காகப் பிரிவு சரியென்று ஆகிவிடாது. சார்லஸ் வின்சுலோவுக்குச் சாதிக்க வயதே கிடைக்கவில்லை.

இரண்டாவது விடை மலைமேல் கிடைத்தது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அரை நூற்றாண்டுக்கும் பிறகு, 1901 ஜூலை முதல் தேதி, மார்கரெட் எடி என்ற அம்மையார் அங்கே ஹைகிளர்க் என்ற பழைய ஓட்டலில் 13 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி. 1976-இல் ஐ.பி. பாடத்திட்டத்தை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்ததும் அந்தப் பள்ளியே.

கடல் தாண்டின பிரிவு மலை தாண்டின பிரிவாகச் சுருங்கியது. அதுவும் சின்ன மலையல்ல. மோட்டார் சாலை வருமுன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் ஏற வேண்டும். ஆனாலும் அந்தப் பள்ளி ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தது. பெற்றோரின் காலண்டரைப் பார்த்துத் தன் காலண்டரை வகுத்தது. கோடையில் அப்பா அம்மா மலைக்கு ஏறி வருவார்கள். அக்டோபருக்குப் பிறகு, சமவெளியில் வெயில் தணிந்த மாதங்களில் நீண்ட விடுமுறை. பிள்ளைகள் இறங்கி வீட்டுக்கு வருவார்கள். பாடத்தைவிடப் பிள்ளையும் பெற்றோரும் எப்போது சேர்ந்திருப்பார்கள் என்பதே அங்கே கணக்காக இருந்தது.

மூன்றாவது விடை மிக அண்மையது. 1990களில் ஃபோர்டும் ஹூண்டாயும் சென்னையைச் சுற்றி வந்து இறங்கின. 1995-இல் சென்னையில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளி தொடங்கியது. அமெரிக்கப் பாடம் படித்துவிட்டுப் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். இருநூறு வருஷக் கதையை மடித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பள்ளி பெற்றோரை நோக்கி நடந்து நடந்து வந்திருக்கிறது: நியூயார்க்கிலிருந்து கொடைக்கானலுக்கு, கொடைக்கானலிலிருந்து சென்னைத் தரமணிக்கு.

சாகுபுரம் மாதிரியான கம்பெனிக் குடியிருப்பில் அது இன்னும் நெருங்கி வாசலுக்கே வந்துவிட்டது. நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம் எல்லாம் இந்தச் சாதிதான். ஆலைக்குப் பொறியாளர் வேண்டுமென்றால் பொறியாளரின் மகளுக்கு மூன்றாம் வகுப்பு வேண்டும் என்பதை நிர்வாகங்கள் சீக்கிரம் புரிந்துகொண்டன. இதில் குறையும் உண்டு. குடியிருப்பில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். காலையில் வகுப்பில் வாங்கிய மதிப்பெண் மத்தியானம் அப்பாவின் கேன்டீன் மேசைக்கு வந்துவிடும். அதிகாரியின் பிள்ளையும் ஷிப்ட் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவது நல்லது. ஆனால் யார் அதிகாரி என்பது பெஞ்சுக்குத் தெரியும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளோடு தென்பாண்டிக் கரைக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

முதலில் காலம். அங்கே வகுப்பு முடிவது மே கடைசியிலோ ஜூனிலோ. இங்கே ஜூனில் புது வகுப்பே தொடங்கிவிடும். தாமதமாக வந்தால் பிள்ளை மூச்சு வாங்கக்கூட நேரம் இல்லை. அங்கே முதல் வகுப்புக்கு ஆறு வயது. இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்து முடிந்தாலே சேர்த்துவிடுவார்கள். அதனால் உங்கள் பிள்ளை வகுப்பில் கொஞ்சம் மூத்ததாக இருக்கும். அது நல்லதுதான். ஒரு வகுப்பு தாண்டிப் போடுங்கள் என்று கேட்காதீர்கள்.

அடுத்தது காகிதம். இங்கே எல்லாப் பள்ளியும் கேட்பது டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ். அமெரிக்கப் பள்ளிகளில் அப்படி ஒரு காகிதமே கிடையாது. கிளம்புமுன் மதிப்பெண் பதிவுகளையும், பிள்ளை எந்த வகுப்பு முடித்து எந்தத் தேதியில் விலகியது என்று பள்ளித் தாளில் ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு உங்கள் மாநில அரசில் அதற்குரிய அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கிவிட்டால் பிற்பாடு அலைச்சல் மிச்சம். இந்தியா 2005 முதல் அந்த முத்திரையை ஏற்கும் நாடு. தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். பிள்ளைக்கு ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை இல்லாமல் வெறும் விசா என்றால், வெளிநாட்டு மாணவர் என்று பள்ளி குடிவரவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டியிருக்கும்.

ஓ.சி.ஐ. இருந்தாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2021 மார்ச் 4-ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி ஓ.சி.ஐ. பிள்ளைகள் நீட், ஜே.இ.இ. எழுதலாம், ஆனால் என்.ஆர்.ஐ. இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும்தான் போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே என்று ஒதுக்கிய இடம் கிடைக்காது. அதற்கு முன் அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மகளை இங்கேயே டாக்டர் ஆக்குவோம் என்று கனவு காண்கிறவர்கள் அட்டையின் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மொழி. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் அதை வகுப்பு வகுப்பாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுகிற பிள்ளைக்கும் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வேறு மொழி. ஏழு வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் பிடித்துவிடும். பன்னிரண்டு வயதுக்குத் தனியாக ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளியென்றால் என்னென்ன மொழி, எந்த வகுப்பிலிருந்து என்று நேரில் கேட்டுவிடுங்கள்.

பாடத்திட்டத்தைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். தமிழ்நாட்டு பிளஸ் டூ மதிப்பெண்ணோடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகள் போகிறார்கள். திரும்பிப் போக வழி அடைபடாது. பிள்ளை தடுக்கி விழுவது சின்னச் சின்ன இடங்களில்தான். அந்த ஏழு வயதுக்காரி முதல் நாள் நோட்டில் தேதி எழுதினாள்: 6/12. ஜூன் பன்னிரண்டு. டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். இங்கே அது டிசம்பர் ஆறு. கடைசி எழுத்தை ‘ஜீ’ என்றாள். வகுப்பே ‘இசட்’ என்று கத்தியது. அண்ணன்காரன் ஒரு லட்சத்துக்குக் கமாவை மூன்று பூஜ்யத்துக்கு முன்னால் மட்டும் போட்டான். இன்னொரு கமா எங்கே என்றார் கணக்கு வாத்தியார். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் அழுதார்கள். அழுதது அம்மா மடியில். நான் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

ஆமாம், அந்தக் குடும்பம் பதினான்கு பள்ளிப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தது. தூத்துக்குடியில் பெரிய பள்ளி ஒன்று இவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வேன் பயணம் போக ஒரு மணி, வர ஒரு மணி. வருஷத்துக்கு 200 நாள் பள்ளி என்று வைத்தால் 400 மணி நேரம். மிச்சமான அந்த 400 மணி நேரத்தில் பையன் தமிழ் எழுதப் பழகிவிட்டான். சங்கீத டீச்சர் இல்லை, நீச்சல் குளம் இல்லை என்று அந்த அம்மாவுக்கு இன்னும் மனக்குறை உண்டு. குளத்துக்குப் பதில் கடல் இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

விடுதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தானாகக் கேட்டால், பள்ளி தன் விடுமுறையை உங்களோடு பொருத்திப் பார்க்கத் தயாராக இருந்தால், தாராளமாக அனுப்பலாம். புது நாட்டில் கால் வைத்த முதல் வருஷத்தில் மட்டும் வேண்டாம். பழகிய வீடு, நண்பர்கள், தெரு எல்லாம் ஒரே நாளில் போன பிள்ளையிடமிருந்து அப்பா அம்மாவையும் எடுத்துவிடக் கூடாது.

ஆகையால் விண்ணப்பம் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஒருநாள் காலை எட்டரை மணிக்கு அந்தப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி உள்ளே போகிறார்கள் என்று பாருங்கள். சாயங்காலம் மணி அடிக்கும்போது மறுபடி போய், எப்படி வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். கட்டணத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

(தொடரும்)