சூடு பட்டால் உதிரும்

தெருமுனை டீக்கடையில் பார்சல் கேட்டால், கொதிக்கும் டீயைப் பாலித்தீன் பைக்குள் ஊற்றி, வாயைத் திருகி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பை உருகுவதில்லை. அதனால்தான் நமக்கு அது உறுத்துவதும் இல்லை.

மெல்லிய பாலித்தீன் பை உருக ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ் வேண்டும். டீயின் சூடு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே பை இளக ஆரம்பித்துவிடும். நீளமான கார்பன் சங்கிலிகள் ஒன்றையொன்று லேசாகப் பற்றிக்கொண்டிருப்பதுதான் பாலித்தீன். சூடு ஏற ஏற அந்தப் பிடி தளரும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். தயாரிப்பின்போது சேர்த்த ரசாயனங்களும் கசியும். அவற்றில் பல, தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. ஆகவே பையில் கட்டித்தரும் ரசத்தைவிட, எண்ணெய் மிதக்கும் சால்னாவுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

பேப்பர் கப் தப்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது ஒழுகாமல் இருப்பதற்குக் காரணமே உள்ளே பூசிய பிளாஸ்டிக் படலம்தான். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சுடுநீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்துகள்கள் நீரில் இருந்தன. 2020-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு என்னை இன்னும் கலங்கவைத்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரிக் குழு குழந்தைகளின் பாலிபுரோப்பிலீன் பால்புட்டிகளைச் சோதித்தது. ஒரு லிட்டருக்கு 1.6 கோடித் துகள்கள் வரை உதிர்ந்தன. நீரின் சூடு கூடக்கூட எண்ணிக்கையும் ஏறியது.

வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்க நினைப்பவர்கள் பலரும் முதலில் அலமாரியைக் காலி செய்கிறார்கள். நல்ல டப்பாக்கள் குப்பைக்குப் போவதுதான் மிச்சம். துவரம்பருப்பு டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சூடும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் இடங்களைத் தேடுங்கள். பிள்ளையின் மதிய உணவு டப்பா, மைக்ரோவேவில் வைக்கும் கிண்ணம், வெந்நீர் ஊற்றும் பாட்டில், சாம்பார் பார்சல் என்று கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். இவற்றை எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் மாற்றினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. பால்புட்டிதான் வேண்டுமென்றால், பால்பொடியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து, ஆறவைத்துப் புட்டிக்கு மாற்றலாம்.

பிளாஸ்டிக் கைப்பைகளையும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளையும் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது. தடை கடைக்காரருக்கு மட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொண்டதால்தான் பை இன்னும் ஒழியவில்லை. தூக்குவாளியை நீட்டிப் பாருங்கள். எந்த டீ மாஸ்டரும் மறுப்பதில்லை. ரப்பர் பேண்டு போடும் வேலை மிச்சமென்று ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார்.