ஒரே கடுவன், ஐந்து பொட்டலங்கள்

டாம்கேட் என்றால் கடுவன் பூனை. ஜாவாவில் எழுதிய வலைச் செயலிகளை இயக்கும் சர்வருக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது அவர் எழுதிய நிரல், 1999-இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடையாகப் போய்த் திறமூலம் ஆனது. ஓரைலி பதிப்பகம் கணினி நூல்களின் அட்டையில் விலங்குப் படம் போடும். தன் நிரலுக்கும் ஒருநாள் நூல் வரும் என்று நம்பிய டேவிட்சன், யார் தயவும் இல்லாமல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் பிராணி என்று கடுவனைத் தேர்ந்தெடுத்தார். 2003-இல் நூல் வந்தது. அட்டையில் இருந்ததோ பனிச்சிறுத்தை!

இன்று டாம்கேட்டை நிறுவப் போகிறவருக்கு முதல் குழப்பம், எதை எடுப்பது என்பதுதான். உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றே. கட்டித் தரும் பொட்டலம்தான் வேறு.

முதலாவது, அப்பாச்சி தளத்தில் ஜிப்பாகவும் டாராகவும் கிடைக்கும் சுருக்கக் கோப்பு. ஏறத்தாழ 12 எம்பிதான். பிரித்தால் பின், கான்ஃப், லிப், லாக்ஸ், வெப்ஆப்ஸ் என்று சில கோப்புறைகள் வரும். ஜாவா ஏற்கெனவே இருந்தால், பின்னுக்குள் இருக்கும் ஸ்டார்ட்அப் கோப்பை ஓட்டி, உலாவியில் 8080-ஆம் போர்ட்டைத் திறந்தால் பூனைப் படத்துடன் வரவேற்புப் பக்கம் தெரியும். லினக்ஸில் ஜிப்பை எடுத்தவர்களுக்கு மட்டும் ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வரலாம். கோப்புகளை இயக்கும் உரிமை ஜிப்பில் தங்காமல் போவதே காரணம். டார் கோப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, விண்டோஸ் நிறுவி. பின்னணியில் ஓடும் சர்வீஸாக டாம்கேட்டை இது பதிந்துவிடும். நிறுவும்போது அதற்கான தேர்வைக் குறித்தால், கணினி ஆன் ஆனதும் தானாக எழுந்துகொள்ளும். பொதுவான ஜிப்பில் இந்த சர்வீஸ் வசதி கிடையாது.

மூன்றாவது, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் தாமே தரும் தொகுப்பு. ஒரே கட்டளையில் நிறுவலாம். ஆனால் கோப்புகள் ஒரே இடத்தில் இருக்காது. அமைப்புக் கோப்புகள் ஒரு மூலைக்கும், பதிவுகள் வேறொரு மூலைக்கும், செயலிகள் இன்னொரு மூலைக்கும் போய்விடும். லினக்ஸின் ஒழுங்கு அப்படி. சுருக்கக் கோப்பில் பழகியவர், முக்கிய அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லைத் தேடி அலைவது இங்கேதான்.

நான்காவது, டோக்கர் பிம்பம். ஓட விட்டு உலாவியைத் திறந்தால் 404 பிழைதான் வரும். சர்வர் ஓடவில்லை என்று பதற வேண்டாம். மாதிரிச் செயலிகளைப் பாதுகாப்புக்காக வேறொரு கோப்புறைக்கு மாற்றி, வெப்ஆப்ஸைக் காலியாக விட்டிருக்கிறார்கள். உங்கள் செயலியைப் பொதிந்த வார் கோப்பை அதில் போட்டால் வேலை செய்யும்.

ஐந்தாவது, உட்பொதி வகை. ஸ்பிரிங் பூட்டில் வலைச் செயலி எழுதுகிற பலர், டாம்கேட்டை நான் நிறுவவே இல்லையே என்பார்கள். அவர்கள் உருவாக்கும் ஜார் கோப்புக்குள்ளேயே அது சுருண்டு படுத்திருக்கிறது.

இவை தவிர டாம்இஇ என்றொரு உறவுக்காரரும் உண்டு. ‘டாமி’ என்று உச்சரிக்க வேண்டுமாம். நம் ஊரில் அது நாய்க்கு வைக்கும் பெயர். தரவுத்தளம், பரிவர்த்தனை போன்றவற்றுக்கான ஜாவா நிறுவனத் தரங்களையும் சேர்த்துக் கட்டிய டாம்கேட் இது. அந்தத் தரங்கள் தேவைப்படாதவர்களுக்கு வீண் சுமை.

பொட்டலத்தைவிட முக்கியம், அதன் மேலுள்ள எண். 9-ஆம் பதிப்புவரை ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய நிரல்தொகுதிப் பெயர்கள், 10-இலிருந்து ஜகார்த்தா என்று மாறிவிட்டன. 9-இல் நன்றாக ஓடிய செயலியை 10-இன் வெப்ஆப்ஸில் அப்படியே போட்டால் ஓடாது. மாற்றித் தரும் கருவியை அப்பாச்சியே வழங்குகிறது.

சரி, எதை எடுப்பது? ஓட்டை விழுந்தால் அடைப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள், விடை கிடைக்கும். 2020-இல் கோஸ்ட்கேட் என்ற குறை வெளிவந்தது. அதுவரை இயல்பாகவே திறந்திருந்த 8009-ஆம் போர்ட் வழியாக, வெளியாள் செயலியின் கோப்புகளைப் படிக்க முடிந்தது. 9.0.31-இல் அது அடைக்கப்பட்டது. இப்படி ஒரு திருத்தம் வரும்போது, சுருக்கக் கோப்புக்காரர் புதியதை இறக்கித் தம் கையால் மாற்ற வேண்டும். டெபியன்காரருக்கு வழக்கமான புதுப்பிப்போடு வந்து சேரும். டோக்கர்காரர் புதிய பிம்பத்தை எடுத்து மறுபடி ஓட்ட வேண்டும். உட்பொதித்தவரோ செயலியையே மறுபடி கட்டி வெளியிட வேண்டும்.

கற்றுக்கொள்பவருக்குச் சுருக்கக் கோப்பு. கவனிக்க ஆளில்லாத லினக்ஸ் சர்வருக்கு அதன் சொந்தத் தொகுப்பு. அடிக்கடி வெளியிடும் குழுவுக்கு டோக்கர் அல்லது உட்பொதி. தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று டேவிட்சன் பெயர் வைத்தார். புதுப்பிக்கும் வேலையை மட்டும் கடுவன் செய்யாது. பின் கோப்புறையில் வெர்ஷன் என்றொரு கோப்பு இருக்கிறது. இன்றே ஓட்டி, உங்கள் பூனைக்கு என்ன வயது என்று பாருங்கள்.