மீன் தலைக்குள் ஓர் அபூர்வக் கனிமம்



நம்ம நாகப்பட்டினத்தில் மீன் வாசனை வராத தெரு குறைவு. கத்தாழை, பன்னா மீன் தலையைக் கடிக்கும்போது பல்லில் 'நறுக்'கென்று ஒரு வெள்ளைக் கல் படும். "ச்சீ, கல்லு!" என்று துப்பிவிடுவோம். அது கடல் மண்ணிலிருந்து வந்த கல் அல்ல. மீன் தன் தலைக்குள் தானே செய்துகொண்ட காதுக்கல்! அந்தக் கற்களுக்கு நடுவில்தான் 'வாட்டரைட்' என்ற அபூர்வக் கனிமம் ஒளிந்திருக்கிறது.

பொருள் ஒன்று, வடிவம் மூன்று

வைரமும் பென்சிலில் உள்ள கிராபைட்டும் கார்பன்தான். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. கால்சியம் கார்பனேட்டிலும் இதே கதைதான். அதற்கு மூன்று படிக வடிவங்கள் உண்டு.

1. கால்சைட்: சுண்ணாம்புப் பாறை, சலவைக்கல், கோழிமுட்டை ஓடு. அடர்த்தி 2.71. மூன்றில் மிக நிலையானது.
2. அரகோனைட்: முத்து, பவளப்பாறை, பல சிப்பிகள். அடர்த்தி 2.93. மூன்றில் கனமானது.
3. வாட்டரைட்: அடர்த்தி சுமார் 2.6. மூன்றில் லேசானது, நிலையற்றது.

ஹைன்ரிச் வாட்டர் என்ற ஜெர்மன் கனிமவியல் அறிஞரின் பெயரைத்தான் மூன்றாவதற்கு வைத்தார்கள். இங்கிலீஷ் 'வாட்டருக்கும்' இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் தண்ணீர்தான் இதற்கு எதிரி! ஈரம் பட்டால் வாட்டரைட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கால்சைட்டாக மறுபடி படிந்துவிடும். அதனால்தான் பாறைகளில் இது அபூர்வம். வட அயர்லாந்தில் லார்ன் என்ற ஊர்ப் பக்கம் பாறையில் கிடைத்த வாட்டரைட் பற்றி 1960-ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது.

பூமி வைத்துக்கொள்ள முடியாததை மீன் வைத்திருக்கிறது

முள் உள்ள மீன்களுக்குத் தலையில் மூன்று ஜோடி காதுக்கற்கள், மொத்தம் ஆறு. பெரும்பாலான மீன்களில் இரண்டு ஜோடி அரகோனைட். மூன்றாவது ஜோடி வாட்டரைட். கடல் மீனில் இந்த மூன்றாவது ஜோடி பொடிசு, கண்ணில் படாது. ஆனால் நம்ம குளத்தில் வளரும் கட்லா, ரோகு போன்ற கெண்டை இனத்தில் அது நன்றாகவே பெரிசு.

உள்காதில் ஒரு திரவம் இருக்கிறது. அதிலுள்ள கால்சியமும் கார்பனேட்டும் மெல்லிய அடுக்கு அடுக்காகப் படிந்து கல் வளர்கிறது. எந்த வடிவத்தில் அடுக்க வேண்டும் என்பதில் புரதங்களுக்குப் பங்கு உண்டு. 2003-ல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் ஒரு புரதத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அரகோனைட்டாக வர வேண்டிய கல் கால்சைட்டாக வந்துவிட்டது! கொத்தனாரை மாற்றினால் அதே செங்கல்லில் வேறு வீடு எழும்பியது போல.

இடம் மாறினால் ஆபத்து

மீனுக்கு இந்தக் கல் எதற்கு? மீன் உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான். ஒலி வரும்போது தண்ணீரோடு மீனும் சேர்ந்து அசையும். கல் மட்டும் கனமாக இருப்பதால் பின்தங்கும். இந்த வித்தியாசத்தைக் கல்லுக்கு அடியில் உள்ள நுண்மயிர்கள் உணரும். அதுதான் மீனுக்குக் 'கேட்பது'.

அப்படியென்றால், கேட்பதற்கான பெரிய கல் அரகோனைட்டுக்குப் பதில் லேசான வாட்டரைட்டாக வளர்ந்துவிட்டால்? காது மந்தமாகும்! பண்ணைகளில் வளர்க்கும் சால்மன் மீன்களில் இந்தக் குறை, காட்டு மீன்களைவிட மிக அதிகம் என்று மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு காரணத்தையும் தேடினார்கள். வேகமாக வளர்ந்த மீன்களில்தான் குறை அதிகமாக இருந்தது. சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்று நாம் அவசரப்பட, அதன் காது விலை கொடுக்கிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. மரத்தில் ஆண்டு வளையம் போல, அரகோனைட் காதுக்கல்லில் வளையங்கள் இருக்கும். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வளையம் விழுவதை 1971-ல் பன்னெல்லா என்ற விஞ்ஞானி காட்டினார். இதை எண்ணித்தான் மீனின் வயதைச் சொல்கிறார்கள். எந்த வயதில் மீன் முட்டையிடும், எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு உதவும். கடலை நம்பிப் பிழைக்கிற நம்ம ஊருக்கு இது சின்ன விஷயமா? ஆனால் வாட்டரைட்டாக மாறிய கல் கண்ணாடி போல இருக்கும். வளையம் தெளிவாகத் தெரியாது. அந்த மீனின் டைரி அழிந்த மாதிரிதான்.

செய்து பாருங்கள்!

அடுத்த தடவை கத்தாழைத் தலையில் கல் கிடைத்தால் துப்பிவிடாமல் கழுவிக் காயவையுங்கள். ஒன்றைத் தூளாக்கி எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். வரும் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடு. கட்லா தலைக்கல்லையும் இப்படியே சோதிக்கலாம். அதுவும் பொங்கும். எலுமிச்சைக்கு அரகோனைட், வாட்டரைட் வித்தியாசம் தெரியாது. அதைப் பிரித்துச் சொல்ல எக்ஸ் கதிர்க் கருவி வேண்டும். நம்ம நாகையிலேயே 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்கு அங்கே படிக்கப் போகிறவர் உங்களில் யாராகவும் இருக்கலாம்!