யெலாங் கேட்ட கேள்வி

தன் அளவு தெரியாமல் பேசுகிறவரை நாம் கிணற்றுத் தவளை என்கிறோம். சீனரிடமும் அந்தத் தவளை உண்டு. அதோடு, "யெலாங் தன்னைப் பெரிதாக எண்ணியது" என்று இன்னொரு வழக்கும் உண்டு. அதன் பின்னே ஒரு மளிகைச் சரக்கின் கதை இருப்பதால் நம் வணிகப் பெருமக்களுக்கு அதைச் சொல்கிறோம்.

யெலாங் என்பது தென்மேற்குச் சீனத்தில், இன்றைய குய்ச்சோ மாநிலப் பகுதியில் இருந்த மலைநாடு. கி.மு. 135-இல் ஹான் பேரரசின் தூதர் தாங் மெங், தென்கடற்கரையில் இன்றைய குவாங்சோ நகருக்குப் போயிருந்தார். அங்கே விருந்தில் 'ஜூ' என்னும் காயில் செய்த தொக்கு பரிமாறினார்கள். அது அந்த ஊர்ச் சரக்கு அல்ல. தலைநகர் திரும்பியதும் சிச்சுவான் வியாபாரிகளிடம் விசாரித்தார். தங்கள் சீமையில் மட்டுமே அது கிடைக்கும் என்றும், பலர் ரகசியமாக யெலாங்குக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அரசாங்கம் அறியாத வழியைத் தொக்கு விற்றவர்கள் அறிந்திருந்தார்கள்!

பிறகு ஜாங் சியென் என்ற தூதர், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் சந்தையில் சிச்சுவான் துணியைக் கண்டார். இந்தியா வழியாக வந்தது என்றார்கள். இந்தியாவுக்கு நேர்வழி தேடி கி.மு. 122 வாக்கில் ஹான் தூதர்கள் தென்மேற்கே புறப்பட்டார்கள். அவர்களிடம் தியென் நாட்டரசர், "ஹான் பெரிதா, என் நாடு பெரிதா?" என்று கேட்டார். யெலாங் தலைவரும் அப்படியே கேட்டார். முதலில் கேட்டவர் தியென் அரசர். பழி விழுந்ததோ யெலாங் மீது.

இதை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் ஸூமா சியென் அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று ஏசவில்லை. பாதை இல்லாததால் ஹான் எவ்வளவு பெரிது என்று தெரியாமல் இருந்தார்கள் என்கிறார். நமக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

அவர்களுக்காவது பாதை இல்லை. நம் கனகம்மாசத்திரமோ சென்னை–திருப்பதி சாலையில் இருக்கிறது. பெயரிலேயே வழிப்போக்கர் சத்திரம். ஆனாலும் "நம்ம கடையை விட்டா ஜனங்க எங்கே போவாங்க?" என்று கல்லாவில் சாய்ந்து பேசுவோர் நம்மிடையே இல்லையா? திருத்தணியில் பருப்பு என்ன விலை என்று கேட்டு அவர்களுக்கு எத்தனை நாளாகிறதோ!

கி.மு. 109-இல் தியென் பணிந்து, அரச முத்திரை பெற்றது. அந்தத் தங்க முத்திரை 1956-இல் யுன்னானில் ஒரு கல்லறையில் கிடைத்தது. யெலாங்கின் கடைசி அரசரை கி.மு. 27 வாக்கில் ஹான் அதிகாரி ஒருவர் கொன்றார்.

அந்த 'ஜூ' எது என்பதில் இன்னும் வழக்கு இருக்கிறது. வெற்றிலை, திப்பிலி இனத்துக் கொடியின் காய் என்பார் சிலர். வேறு பழம் என்பாரும் உண்டு. முதலாவது சரியென்றால், அதன் உறவுக்காரச் சரக்கு நம் கடை டப்பாவிலும் இருக்கிறது.